அந்த ஓரடி ஆளுக்கா, லோடுக்கா?

2021-ல் வந்த தலைமுறை ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் இரண்டு வகைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மொத்த நீளம் 231.7 அங்குலம், ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியும் இரண்டிலும் 145.4 அங்குலம்தான். ஆனால் ஒன்றில் நான்கு முழுக் கதவுகளோடு பெரிய கேபின், அதன் பின்னே ஐந்தரை அடி லோடு பாடி. மற்றதில் பின்னிருக்கை ஒடுங்கிய நடுத்தரக் கேபின், ஆறரை அடி லோடு பாடி. பெரிய கேபினின் பின்னிருக்கையில் கால் நீட்ட 43.6 அங்குலம் இருக்கிறது. நடுத்தரக் கேபினில் 33.5 அங்குலம். கேபினில் கூடிய அடி லோடு பாடியில் குறைகிறது, அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்காவில் பிக்கப் வாங்கும் ஒவ்வொருவரும் இந்த ஓரடியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். பெரும்பாலோர் கேபினுக்கே கொடுக்கிறார்கள். அதைப் பகட்டு என்று பலர் பழிக்கிறார்கள். அந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது என்பதே என் கருத்து.

பழிப்பவர்களிடமும் சான்று இல்லாமல் இல்லை. 1925-ல் ஃபோர்டு தன் மாடல் டி காரின் பின்புறத்தில் 56 அங்குல நீளப் பெட்டியைப் பொருத்தி, 281 டாலருக்குத் தொழிற்சாலைப் பிக்கப்பாகவே விற்றபோது, அதில் ஓட்டுபவரும் கூட ஒருவரும் உட்காரத்தான் இடம். பிறகு பல பத்தாண்டுகள் பிக்கப் என்றால் ஒற்றை இருக்கை வரிசையும் நீண்ட லோடு பாடியும்தான். 1973-ல் டாட்ஜ் நிறுவனம் கேபினைச் சற்று நீட்டி, இருக்கைக்குப் பின்னே மடக்கு இருக்கைகள் வைத்தது. அடுத்த ஆண்டே ஃபோர்டும் அதைச் செய்தது. அதன்பின் கேபின் வளர்ந்துகொண்டே போனது. ஆக்சியோஸ் செய்தித்தளம் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஃபோர்டின் அந்த வரிசை பிக்கப்பில் 1960, 70-களில் நீளத்தில் 36 சதவீதம் கேபின், 64 சதவீதம் லோடு பாடி. 2021-ல் அது 63க்கு 37 என்று அப்படியே தலைகீழாகிவிட்டது. இதோடு ஸ்ட்ராட்டஜிக் விஷன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆய்வையும் சேர்த்துச் சொல்வார்கள்: பிக்கப் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர், லோடு பாடியில் சரக்கு ஏற்றுவது ஆண்டுக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவு. லோடே ஏற்றாதவர்களுக்கு எதற்குப் பிக்கப் என்பது அவர்கள் கேள்வி.

ஆனால் இந்தக் கேள்வி எத்தனை முறை பயன்படுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. வண்டியில் ஒன்று குறையும்போது அந்தக் குறையை வேறு எதைக் கொண்டு, என்ன செலவில் ஈடுகட்ட முடியும் என்பதை அது பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கேபினும் லோடு பாடியும் சமமானவையே அல்ல. லோடு பாடி குட்டையாக இருந்தால் பின்கதவை இறக்கிவிடலாம். ஏறக்குறைய இரண்டடி நீளம் உடனே கூடுகிறது. அமெரிக்காவில் கட்டட வேலைக்கு அளவுகோலாக எல்லோரும் எடுத்துக்கொள்வது நான்குக்கு எட்டடி பிளைவுட் பலகை. எஃப்-150-ன் சக்கர மேடுகளுக்கு நடுவே 50.6 அங்குலம் இருப்பதால் நாலடி அகலப் பலகை தரையில் தட்டையாகவே படுக்கும். ஆறரை அடி பாடியில் கதவை இறக்கினால் பலகை முழுவதும் தாங்கப்படும். ஐந்தரை அடி பாடியில் அரை அடிதான் வெளியே நீட்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் போதும். ஏணியும் குழாயும் மேலே சட்டம் பொருத்தினால் போய்விடும். வீடு மாற்றும் நாளில் டிரெய்லர் வாடகைக்குக் கிடைக்கிறது. சிறியது என்றால் நாள் வாடகை சில பத்து டாலர்கள்தான். அதன் தளம் தாழ்வாக இருப்பதால் குளிர்பதனப் பெட்டியை ஏற்றுவதும் பிக்கப்பில் ஏற்றுவதைவிட எளிது. மணலும் ஜல்லியும் வேண்டுமென்றால் கடைக்காரரே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்.

ஆளுக்கு இடமில்லை என்றால் இப்படி எதுவும் செய்ய முடியாது. நான்காவது ஆளை டிரெய்லரில் ஏற்ற முடியாது. வாடகைக்கு ஓர் இருக்கையை எடுத்துவந்து மாட்டவும் முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். குழந்தையை அதற்குரிய இருக்கையின் எடை, உயர வரம்பு எட்டும்வரை பின்னோக்கியே உட்காரவைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-ல் பரிந்துரைத்தது; பதின்மூன்று வயதாகும்வரை பின்னிருக்கைதான் என்பதும் அதன் அறிவுரை. பின்னோக்கிய குழந்தை இருக்கையை இயங்கும் காற்றுப்பைக்கு முன்னால் வைப்பது உயிராபத்து. அதனால்தான் ஒற்றை வரிசைப் பிக்கப்புகளில் பயணி பக்கக் காற்றுப்பையை நிறுத்திவைக்கும் சாவியைப் பொருத்த அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அனுமதி அளித்தது. நடுத்தரக் கேபினில் பின்னிருக்கை உண்டு, ஆனால் அந்தப் பருத்த குழந்தை இருக்கையை 33 அங்குலத்துக்குள் நுழைக்க முன்னிருக்கையை டேஷ்போர்டுவரை தள்ள வேண்டியிருக்கும். அந்தக் கேபினின் பின்னிருக்கைக் கதவு எதிர்த்திசையில் திறப்பது. முன்கதவைத் திறக்காமல் அதைத் திறக்க முடியாது. மழையில், நெரிசலான வாகன நிறுத்தத்தில், தூங்கும் குழந்தையோடு தினம் இரண்டு முறை இதைச் செய்பவருக்கு நீண்ட கேபின் பகட்டு அல்ல.

ஆளுக்கு இடமில்லாதபோது மனிதர்கள் கண்டுபிடிக்கும் ஒரே ஈடு, லோடு பாடியில் தாங்களே ஏறிக்கொள்வது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் அதற்கு இன்னும் முழுத் தடை இல்லை. நம் நாட்டில் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பு. ஆனால் தோட்ட வேலைக்கும் நடவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் லோடு வண்டியில் நின்றுகொண்டே போகிறவர்களை எந்தச் சாலையிலும் பார்க்கலாம். வண்டி கவிழ்ந்து அவர்கள் இறந்த செய்தியும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இங்கே பொலேரோ பிக்கப்பின் நீள வகைகளில் லோடு பாடி பத்தடிவரை போகிறது. கேபினில் ஓட்டுநரும் ஒருவர் இருவரும்தான். இரட்டை வரிசை இருக்கையோடு பொலேரோ கேம்பர் கிடைத்தாலும், வாடகைக்கு ஓட்டுபவர் சரக்குக்குத்தானே கூலி வாங்குகிறார் என்பதால் நீள பாடியையே தேடுவார். தொழில் கணக்குப்படி அவர் செய்வது சரி. ஆனால் லோடு பாடி குறைந்தால் கூடுதலாக ஒரு நடை அடிக்க வேண்டியிருக்கும். இருக்கை குறைந்தால் உயிரே போகக்கூடும்.

இந்த வாதத்துக்கு எதிராகத் தொழில் செய்பவர்கள் சொல்வதில் வலுவான விஷயம் ஒன்று இருக்கிறது. ஈடுகட்டலாம் என்பது ஆண்டுக்கு நான்கு முறை பலகை வாங்குபவருக்குத்தான் பொருந்தும். தினமும் காலையில் பத்தடிக் குழாய் ஏற்றும் பிளம்பருக்குக் கட்டுவதும் அவிழ்ப்பதும் தினச் செலவு. மாதம் முடிந்தால் அது பல மணி நேரக் கூலி. இறக்கிவிட்ட பின்கதவும் எவ்வளவு பாரத்தையும் தாங்கிவிடாது. அதோடு, குட்டை பாடியில் நீளமான சரக்கின் பாரம் பின் அச்சுக்கு அப்பால் போய்த் தொங்கும். அப்போது முன் சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடும். நீண்ட பாடியில் அதே சரக்கு அச்சுக்கு முன்னே நகர்ந்து உட்காரும். பெரிய டிரெய்லர்களில் ஒரு வகை, லோடு பாடிக்கு உள்ளேயே பின் அச்சுக்கு மேல் கொக்கி போட்டு இழுப்பது. பாடி குட்டையாக இருந்தால் கூர்மையான திருப்பத்தில் அந்த டிரெய்லரின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியில் இடிக்கும். அதைத் தவிர்க்க நகரும் கொக்கி என்று தனியாக ஒன்றை வாங்க வேண்டும். லோடு பாடியில் தூக்கிவைக்கும் நடமாடும் வீடுகளில் பெரியவை எட்டடி பாடிக்கு என்றே செய்யப்படுகின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு ஈடு மலிவானது என்ற என் அடிப்படையே உடைந்துபோகிறது. அவர்கள் ஓரடியை லோடு பாடிக்குக் கொடுப்பதே சரி.

ஆனால் இதிலிருந்து பெரிய கேபின் தொழிலுக்கு ஆகாது என்று முடிவுகட்டுபவர்கள் வரலாற்றை மறக்கிறார்கள். 1957-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் டிராவலெட் என்ற பெயரில் இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்பைக் கொண்டுவந்தபோது, ஆறு பேரும் அவர்களின் கருவிகளும் ஒரே வண்டியில் போக வழி பிறந்தது. மின்கம்பி, ரயில்பாதை, காட்டுவேலை என்று ஆட்கள் கூட்டமாகப் போகும் தொழில்களுக்குத்தான் இது முதலில் உதவியது. இன்றும் நான்கு பேர் கொண்ட தச்சர் குழுவுக்குப் பின்னிருக்கையும் ஒரு தொழிற்கருவிதான். இல்லையென்றால் இரண்டாவது வண்டியும் அதற்கு டீசலும் வேண்டும். ஆள் இல்லாத நாளில் அந்த இருக்கையை மடக்கிவிட்டால், துரப்பணமும் அளவுக் கருவியும் மழை படாமல், பூட்டிய கதவுக்குள் இருக்கும். திறந்த லோடு பாடியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போக முடியாத பொருட்கள் அவை.

உண்மையில் இந்த விவாதத்தில் இரு தரப்பும் கவனிக்காமல் விடும் ஒன்று எடை. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பிக்கப்பின் ஓட்டுநர் கதவோரத்திலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஆட்களும் சேர்ந்து என்பதை வாங்குபவர்கள் கவனிப்பதே இல்லை. சீட்டில் 800 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 75 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 375 கிலோ போய்விட்டது. மூன்று டன் டிரெய்லரை இழுத்தால், அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் அழுத்தும். குறைந்தபட்சம் 300 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 125 கிலோ. லோடு பாடி ஐந்தரை அடியா எட்டடியா என்பது அதற்குமேல் பொருளற்றது. நான்கைந்து சிமெண்ட் மூட்டைகூட ஏற்ற முடியாது. கேபின் பெரிதானால் வண்டியின் சொந்த எடையும் கூடுகிறது. மற்றவை ஒன்றாக இருந்தால் அதுவும் இந்தச் சீட்டின் எண்ணைக் குறைக்கும். எனவே பெரிய கேபின் வாங்குபவர் இருக்கைகளையெல்லாம் நிரப்பும் நாளில் லோடையும் நிரப்பலாம் என்று எண்ணக் கூடாது. என் வாதத்தை இது பலவீனப்படுத்துவதாக நான் நினைக்கவில்லை. ஆட்கள் நிறைந்த நாளும் லோடு நிறைந்த நாளும் வேறுவேறாக இருக்கும் வீட்டுக்குத்தான் பெரிய கேபினும் குட்டை பாடியும் பொருந்தும் என்று அதைத் திருத்தமாகச் சொல்ல வைக்கிறது.

இரண்டையும் பெரிதாக வாங்கிவிட்டால் என்ன? வாங்கலாம். எஃப்-150-ல் பெரிய கேபினோடு ஆறரை அடி பாடியும் கிடைக்கிறது, நீளம் 243.5 அங்குலம், இருபதடிக்கு மேல். அங்குள்ள வீடுகளின் கார்க்கொட்டகைகள் பல இருபதடி ஆழம்தான்; கதவு மூடாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி நீள நீள வண்டி திரும்ப எடுக்கும் இடமும் கூடும். இன்னும் பெரிய எஃப்-250-ல் நான்கு கதவுக் கேபினும் எட்டடி பாடியும் சேர்த்தால் இருபத்திரண்டு அடி. பண்ணையிலோ நெடுஞ்சாலையிலோ அதை ஓட்டலாம், நகரத்துத் தெருவில் தினமும் நிறுத்துவதற்கு இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

எனக்கு வருத்தம் தருவது மக்கள் கேபினைத் தேர்ந்தெடுப்பது அல்ல, தேர்வே சுருங்கிக்கொண்டு வருவதுதான். அமெரிக்காவில் 2024 மாடல் ஃபோர்டு ரேஞ்சர் நான்கு கதவு, ஐந்தடி பாடி என்ற ஒரே அளவில் வந்தது. அதைவிடச் சிறிய மேவரிக்கும் நான்கு கதவு, நாலரை அடி மட்டும்தான். அங்குள்ள எரிபொருள் சிக்கன விதி, நான்கு சக்கரங்களும் சூழும் பரப்பு பெரிதாக இருந்தால் இலக்கைத் தளர்த்துகிறது; நீண்ட வண்டிக்கு அது சாதகம். 1964 முதல் வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு இருந்துவரும் 25 சதவீத வரி, ஒற்றைக் கேபின் கொண்ட எளிய, மலிவான வண்டிகள் வெளியிலிருந்து வந்து போட்டி போடுவதையும் கடினமாக்கியது. ஆகவே விற்பனை எண்ணிக்கையைக் காட்டி மக்கள் விரும்பியதே இதுதான் என்று நிறுவனங்கள் சொல்லும்போது பாதியை மட்டும் நம்பினால் போதும். தனியாக வேலைக்குப் போய்வரும் தோட்டக்காரருக்குச் சிறிய கேபினும் ஆறடி பாடியும் போதும். டொயோட்டா 2024 டகோமாவில் பின்னிருக்கையே இல்லாமல் ஆறடி பாடியோடு ஒரு வகையைக் கொடுத்ததுபோல மற்றவர்களும் கொடுக்கலாம்.

ஓரடிக்கான இந்த இழுபறியைத் தீர்க்க நல்ல பொறியியல் வழி ஒன்றும் இருக்கிறது: கேபினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள சுவரைத் திறக்கும்படி செய்வது. 2001-ல் செவ்ரோலே அவலாஞ்சில் அது வந்தது. 2013-ல் அந்த வண்டி நின்றுபோனது. இப்போது அதே நிறுவனத்தின் மின்சார சில்வராடோவில் மீண்டும் வந்திருக்கிறது. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த பாடி, பின்னிருக்கையை மடித்து நடுச்சுவரையும் பின்கதவையும் திறந்தால் பத்தடி பத்து அங்குலம்வரை நீள்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இந்த நீளம் கிடைக்காது. ஆனால் இருக்கை காலியாக இருக்கும் நாளில் பத்தடிக் குழாய் முழுவதும் வண்டிக்குள்ளேயே அடங்கிவிடும்.