பழைய பத்மினி சிக்னல்ல குலுங்குதா? கார்புரேட்டரைக் கடைசியா தொடுங்க!

சிக்னல் சிவப்பு. நியூட்ரலுக்கு வந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கறீங்க. ஸ்டியரிங் நடுங்குது, கியர் லிவர் தனியா ஆடுது. சைலன்சர்ல 'புஸ்... புஸ்...'னு வர்ற சத்தம் நடுவுல ஒரு துடிப்பை விழுங்குது. அடுத்த நொடி என்ஜின் ஆஃப். பின்னால ஹாரன்!

அப்பாவோட பிரீமியர் பத்மினியைத் தூசி தட்டி எடுத்தவங்களுக்கும், ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கினவங்களுக்கும் இந்தக் காட்சி புதுசு இல்ல. கேரேஜுக்குப் போனா பெரும்பாலும் ரெண்டே பதில்தான்: 'கார்புரேட்டர் மாத்தணும்' அல்லது 'என்ஜினை இறக்கணும்'. ரெண்டுமே தேவைப்படாத வண்டிகள்தான் அதிகம். ஆனா, தப்பான இடத்துல கை வெச்சா நல்லா இருந்த பாகமும் கெட்டுப்போகும். மும்பையில கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29. டாக்ஸிகளுக்கு அங்க 20 வருஷம்தான் ஆயுள்ங்கறதால, 2023 அக்டோபர் கடைசியோட அந்தக் கதையும் முடிஞ்சுபோச்சு. டாக்ஸியே ஓடாத ஊர்ல அதுக்கான ஸ்பேரை யார் ஸ்டாக் வெப்பாங்க? அதனால இருக்கற பாகத்தைக் காப்பாத்தறதுதான் முக்கியம்.

ஓடும்போது ஓகே... நிக்கும்போது மட்டும் ஏன்?

ஐடிலிங்ல என்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்றுதான் சுத்தும். காற்று போற வழி கிட்டத்தட்ட மூடியே இருக்கும். ஐடில் ஜெட்னு ஒரு பித்தளைத் துண்டு, அதுல அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு ஓட்டை. பெட்ரோல் அது வழியாத்தான் போகணும். இவ்வளவு கம்மியான காற்று, பெட்ரோல்ல சின்னத் தப்பு நடந்தாலும் உடனே தெரியும். வேகமா போகும்போது அதே தப்பு மறைஞ்சிடும். இன்றைய கார்கள்ல இதைக் கம்ப்யூட்டர் கவனிச்சு சரி பண்ணிக்கும். பத்மினியில அந்தக் கம்ப்யூட்டர் நீங்கதான்.

ஒரு சிலிண்டரா, நாலுமா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. என்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒரு பிளக் ஒயரை மட்டும் கழட்டுங்க. அதோட நுனியில ஒரு ஸ்பேர் பிளக்கை மாட்டி, பிளக்கோட உலோகப் பகுதி என்ஜின் மேல நல்லா படற மாதிரி வெச்சு, ஸ்டார்ட் பண்ணுங்க. பக்கத்துல பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. ஓடும்போது ஒயரைத் தொடவும் கூடாது. குலுக்கல் அதிகமாச்சுன்னா, நீங்க கழட்டினது ஒழுங்கா வேலை செஞ்ச சிலிண்டர். எந்த மாற்றமும் இல்லையா? நோயாளி அவர்தான். இப்படியே நாலையும் ஒவ்வொண்ணா பாருங்க. (ஆபீஸ் ஐடி கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஃபேன் பக்கம் குனியாதீங்க. மூடின கேரேஜுக்குள்ள என்ஜினை ஓட விடவும் வேண்டாம்.)

ஒரே ஒரு சிலிண்டர்தான் படுத்துதுன்னா பிளக், ஒயர், வால்வு இந்த மூணுல ஒண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். நாலுக்கும் பொதுவான கார்புரேட்டர் ஒரு சிலிண்டரை மட்டும் குறிவெச்சுப் பழிவாங்காது! நாலுமே ஒரே மாதிரி தள்ளாடினாத்தான் பாயின்ட், டைமிங், பெட்ரோல்னு தேடணும்.

கழட்டின பிளக்குகளோட நுனியையும் பாருங்க. வெளிர் பழுப்பா இருந்தா நல்லது. காய்ஞ்ச கறுப்புக் கரின்னா பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுபிசுப்புன்னா உள்ள ஆயில் ஏறுது. வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தல.

அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள

இங்க இருக்கற கான்டாக்ட் பாயின்ட் ஐடிலிங்லயே நிமிஷத்துக்கு 1,600 தடவை திறந்து மூடுது. தேயாம இருக்குமா? முகத்துல குழி விழுந்திருந்தா மாத்திடுங்க. விலை கம்மிதான். இடைவெளியை ஃபீலர் கேஜ் வெச்சு 0.4 மில்லிமீட்டருக்கு மேல, 0.5-ஐ தாண்டாம வைங்க. பாயின்ட் சீக்கிரமே கருகுதுன்னா கண்டென்சரைச் சந்தேகப்படுங்க. அப்புறம் ரோட்டரைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. தெளிவா ஆடுச்சுன்னா உள்ள புஷ் தேய்ஞ்சிருக்கு. அப்படின்னா நீங்க எத்தனை தடவை இடைவெளி வெச்சாலும் அது நிக்காது, டைமிங் அலைஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

சத்தம் போடாத டேப்பட்

டேப்பட் 'டிக் டிக்'னு சத்தம் போட்டா எல்லோரும் பதறுவாங்க. உண்மையில சத்தமே போடாத டேப்பட்தான் ஆபத்து. இடைவெளி சுருங்கிப்போனா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் கசியும், அந்த சிலிண்டர் ஐடிலிங்ல செத்துப்போகும். இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. பத்மினி என்ஜினை வடிவமைச்ச காலத்துல பெட்ரோல்ல ஈயம் இருந்தது. அந்த ஈயப் படிவுதான் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உக்காரற சீட்டுக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருந்தது. 2000-ல இந்தியா ஈயத்தை நிறுத்தினது காற்றுக்கு நல்லது, சந்தேகமே இல்ல. ஆனா பழைய மெதுவான சீட்டுகள் கொஞ்சம் கொஞ்சமா தேய ஆரம்பிச்சது. நீங்க செட் பண்ணின டேப்பட் திரும்பத் திரும்ப இறுகுதுன்னா காரணம் இதுவா இருக்கலாம். அதுக்கு ஹெட்டைக் கழட்டி கடினமான சீட் போடணும். முழு என்ஜினையும் இறக்க வேண்டாம்.

'என்ஜின் போச்சு'ன்னு யாராவது சொன்னா, நாலு சிலிண்டரோட கம்ப்ரஷன் அளவையும் கேளுங்க. ஒண்ணுக்கொண்ணு 10 சதவிகிதத்துக்குள்ள இருந்தா, அவர் அவசரப்படறார்னு அர்த்தம்.

திருட்டுத்தனமா நுழையற காற்று

கார்புரேட்டர் அடியில இருக்கற கேஸ்கெட்டும் மேனிஃபோல்ட் இணைப்பும் லேசா விட்டுப்போனாலே கணக்குல வராத காற்று உள்ள போகும். ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணீர் எடுத்து, என்ஜின் ஓடும்போது இணைப்புகள் மேல மட்டும் லேசா அடிங்க. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும், சூடான எக்ஸாஸ்ட் மேலயும் வேண்டாம். சத்தம் மாறினா ஓட்டை அங்கதான். கார்புரேட்டர்ல திராட்டில் தண்டு தளர்ந்து ஆடுதான்னும் பாருங்க. ஆடினா அதுக்கு புஷ் போடணும், இல்ல கார்புரேட்டரையே மாத்தணும். அந்த 'மாத்தணும்' நியாயமா இருக்கற இடம் இது ஒண்ணுதான்.

இ20 பெட்ரோலும் ஒரு காரணமா?

ஆமா, ஓரளவுக்கு. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். 20 சதவிகிதம் எத்தனால் கலந்தா சுமார் 13.5 போதும். கம்ப்யூட்டர் இல்லாத கார்புரேட்டர் பழைய கணக்குலயே கொடுக்கறதால கலவை வறண்டுபோகும், ஐடிலிங் தடுமாறும். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்தா பல வண்டிகள் சமாளிச்சிடும். பெரிய தலைவலி ரப்பர்தான். பழைய பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் எத்தனால்ல ஊறிக் கெட்டுப்போகும், அந்தத் துகள்கள் போய் ஜெட்டை அடைக்கும். எத்தனாலைத் தாங்கற ஹோஸ் போடுங்க. இன்னொண்ணு, எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கற வண்டின்னா டேங்க்கை நிரப்பி மாசக்கணக்குல நிறுத்தாதீங்க.

இப்போ ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம்

என்ஜின் நல்லா சூடாகணும், சோக் முழுசா உள்ள இருக்கணும். ஐடில் ஜெட்டைக் கழட்டி காற்று அடிச்சு சுத்தம் பண்ணுங்க. கம்பியை விட்டுக் குத்தாதீங்க. பித்தளை ஓட்டை பெருசாயிடும். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவா உள்ள திருகும்போது எத்தனை சுற்றுன்னு எண்ணிக் குறிச்சு வைங்க. அழுத்தி முறுக்கினா ஊசி முனையில வடு விழும், அப்புறம் அது எப்பவுமே செட் ஆகாது. அங்க இருந்து ஒன்றரை சுற்று வெளிய எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க. எந்தப் பக்கம் திருகும்போது என்ஜின் வேகமாவும் சீராவும் ஓடுதோ அங்க நிறுத்துங்க. பிறகு ஐடில் ஸ்க்ரூவால வேகத்தைக் குறைங்க. இதை ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்திச் செய்யணும்.

மிக்சர் ஸ்க்ரூவைத் திருகியும் என்ஜின் கண்டுக்கவே இல்லைன்னா ஜெட் இன்னும் அடைச்சிருக்கு, அல்லது காற்று எங்கயோ கசியுது. ஸ்ப்ரே பாட்டிலை மறுபடி எடுங்க.