வீடா, கந்தோரா?

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. குடியிருப்பைப் பற்றி எழுந்த இம்மொழி, இன்று உத்தியோகத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கும் விடை கூறுவதாக அமைந்துள்ளது. வேலையின் பொருட்டு நாள்தோறும் கந்தோருக்குப் போய்வருவது நல்லதா, அன்றி வீட்டிலிருந்தபடியே வேலையைச் செய்து முடிப்பது நல்லதா என்பதே அக்கேள்வி. பெருநகரங்களில் பேசப்பட்டுவந்த இவ்விவாதம் இப்பொழுது பதுளைக்கும் பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தோட்டங்களிலிருந்து படித்து வெளிவரும் பிள்ளைகள் கணக்கு வேலையையும் கணினி வேலையையும் நாடுகின்றனர். அவர்களுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஒரே தேயிலை, இரு வழிகள்

கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆரம்பமாயிற்று. தரகர்களும் வாங்குவோரும் ஒரு மண்டபத்திற் கூடி, விலையை வாய்விட்டுக் கூறி ஏலம் எடுப்பதே வழக்கமாயிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாறாதிருந்த அவ்வழக்கம், 2020ஆம் ஆண்டு சில நாட்களுக்குள் மாறிப்போயிற்று. கொரோனா நோய் பரவியதால் அவ்வாண்டு மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஏப்ரல் 4ஆம் திகதி, வரலாற்றில் முதன்முறையாக, ஏலம் இணையத்தின் வழியே நடைபெற்றது. மண்டபத்திற்கு வந்தாலன்றி நடவாது என்று எல்லோரும் எண்ணியிருந்த காரியம், அவரவர் இருந்த இடத்திலிருந்தே நடந்தேறியது.

அதே நாட்களில் அத்தேயிலையைப் பறித்த கைகள் எங்கே இருந்தன? மலையில்தான். ஊரடங்கு வேளையிலும் தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தது. காலையிற் பெரட்டுக்குப் போகவேண்டும். மலையேறிக் கொழுந்து பறிக்கவேண்டும். மடுவத்தில் நிறுத்துக் கொடுக்கவேண்டும். அப்பொழுதுதான் செக்ரோலிற் பேர் விழும். விற்பவரும் வாங்குபவரும் வீட்டிலிருக்கலாம். பறிப்பவர் வீட்டிலிருக்க இயலாது. ஆகவே, வீட்டிலிருந்து வேலை செய்வது எல்லோருக்கும் திறந்துள்ள வழியன்று. எழுத்தும் எண்ணும் பேச்சுமே கருவியாக உள்ள தொழில்களுக்கே அது பொருந்தும். பிள்ளை அவ்வழியிற் செல்வதற்காக மலையேறி உழைத்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டே நாம் மேலே செல்லவேண்டும்.

ஒரு சோதனை கூறும் உண்மை

வீட்டு வேலையின் நன்மை தீமைகளை அளந்தறிய விரும்பிய ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் புளூம் என்பாரும் அவருடைய தோழர்களும், சீனாவிலுள்ள சிட்ரிப் என்னும் பிரயாண ஏற்பாட்டு நிறுவனத்தில் ஒரு சோதனை நடத்தினர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஒன்பது மாதங்கள் அது நீடித்தது. தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் கூறும் ஊழியர்களில் விரும்பி முன்வந்தோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்தனர். மறு பிரிவினர் வழக்கம்போற் காரியாலயத்திற்கு வந்தனர்.

முடிவு என்ன? வீட்டிலிருந்தோரின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவோர் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எனினும், ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தோருக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. தனிமை வாட்டியதாகப் பலர் கூறினர். சோதனை முடிந்தபின் அவர்களிற் பாதிப்பேரளவில் மீண்டும் காரியாலயத்தையே நாடிச் சென்றனர்.

தோட்டத்தில் “பேர்” என்னும் சொல்லின் பொருளை அறிந்த நமக்கு இது புதுமையன்று. மடுவத்தில் முகம் காட்டாதவருக்குப் பேர் இல்லை. கந்தோரிலும் அப்படியே. கண்ணுக்கு முன்னால் நிற்பவரின் பெயரே மேலதிகாரியின் நினைவுக்கு முதலில் வருகிறது.

இச்சோதனையில் நாம் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. அதிற் சேர விரும்பியோருக்கு வீட்டில் இணைய வசதியும், வேலை நேரத்தில் பிறர் நுழையாத தனி அறையும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த 13 சதவீதம் தனி அறை உள்ளவர்களின் கணக்கு. எலி வளைப் பழமொழியை நாம் நினைவுகூர்ந்தது இதன் பொருட்டே.

காம்பராவில் ஒரு கந்தோர்

தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்டது. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை, அங்கேயே பிள்ளையின் படிப்பு. அடுத்த காம்பராவிற் பேசுவது இங்கே கேட்கும். இங்கிருந்து கொழும்புக் கந்தோர் ஒன்றுடன் தொலைபேசியிற் பேசவேண்டிய பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். அடுப்பிற் புகை, பக்கத்து வீட்டில் வானொலி, இஸ்தோப்பில் தம்பி தங்கையரின் சண்டை. அவள் வேலையிற் சிறந்தவளாயிருந்தும், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் இரைச்சலைத்தான் கேட்பார்.

சிக்னலின் கதையும் இத்தகையதே. பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்தின் லுணுகலைப் பகுதி மாணவர்கள், பெரியோர் துணையுடன் காட்டிலுள்ள மலையுச்சிக்கு ஏறினர். அங்கே ஏறத்தாழ 30 அடி உயரத்தில் இருந்த மரவீடு ஒன்றில்தான் இணையத் தொடர்பு கிடைத்தது. வீட்டிலிருந்து கற்கச் சொன்னார்கள். அதற்காகப் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் காட்டுக்குப் போகவேண்டியதாயிற்று! அடுத்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. 2022 ஜூன் மாதத்தில் அரச ஊழியர் பலரை வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி அரசாங்கம் பணித்தது. ஆனால் அவ்வாண்டு மார்ச் இறுதியிலோ மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டிருந்தது. விளக்கெரியாத வீட்டில் கணினி எங்ஙனம் எரியும்?

இவை எல்லாவற்றிற்கும் அடியில் ஒரு வேர் உண்டு. லயம் வேலையோடு சேர்ந்து வந்த குடியிருப்பு. எங்கே வாழ்வது என்பதை நம்மவர் தெரிந்தெடுத்ததில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீட்டைக் காணவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று உலகம் கூறும்போது, “முதலில் வீடு எங்கே?” என்று ஊவாத் தோட்டங்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆயினும் வேண்டும்

அப்படியானால் வீட்டு வேலை நமக்கு வேண்டாமா? வேண்டும். அதற்கும் தக்க காரணம் இருக்கிறது.

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டு பதுளையை வந்தடைந்தது. கொழும்பிலிருந்து அதன் நீளம் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். தேயிலையைக் கீழே இறக்கிய அப்பாதை, பின்னாளில் நம் பிள்ளைகளையும் கீழே இறக்கியது. கொழும்புக்குப் போகும் இளைஞன் சம்பளத்தின் பெரும்பகுதியை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை வீட்டுக்கு அனுப்புகிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே தாயின் முகத்தைக் காண்கிறான். வேலை மலையேறி வருமானால் அவன் மலையிறங்க வேண்டியதில்லை. சம்பளம் ஊரிலேயே செலவாகும். முதுமையடைந்த பெற்றோருக்குத் துணையும் இருக்கும். இது சிறிய நன்மையன்று.

அதே சிட்ரிப் நிறுவனம் பிற்காலத்தில் நடத்திய வேறொரு சோதனையின் முடிவு 2024ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலும் எஞ்சிய மூன்று நாட்கள் காரியாலயத்திலும் வேலை செய்தவர்களுக்குப் பதவி உயர்வில் குறைவு ஏற்படவில்லை. விலகுவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இடைவழியே நல்வழி என்பதற்கு இது தக்க சான்று. பதுளை நகரிலோ பண்டாரவளையிலோ வேலை செய்யும் ஒருவருக்கு இவ்விடைவழி எளிதிற் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டிலிருக்கும் மகளை வேலையில்லாதவளாகக் கருதுவதைப் பெற்றோர் முதலில் விடவேண்டும். மகன் கணினியின் முன் அமர்ந்தால் “தம்பி வேலை செய்கிறான், சத்தம் போடாதே” என்கிறோம். மகள் அமர்ந்தால் “இந்தச் சோற்றைக் கொஞ்சம் பார்த்துக்கொள்” என்கிறோம். கொழுந்து மலையிலிருந்து களைத்து வரும் தாய், அடுப்படியில் இரண்டாவது வேலையைத் தொடங்குவதை நாம் அறிவோம். மகளுக்கு இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் சுமத்துவது தகாது. வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்நேரத்தில் அவள் கந்தோரில் இருப்பதாகவே எண்ணுங்கள்.

மாணவர்கள் ஒன்றை மறத்தல் ஆகாது. முதல் உத்தியோகம் கூடுமானவரை கந்தோரிலேயே தொடங்கட்டும். மூத்தவர் பிழை திருத்துவதைப் பார்த்துக் கற்பதும், பிறரோடு பழகுவதும் ஆரம்ப ஆண்டுகளுக்கு இன்றியமையாதவை. தொழில் கைவந்தபின் வீட்டு வேலையை நாடுவது நலம்.

தோட்டத்தவர்கள் ஒன்றுகூடிச் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு காம்பராவிலும் தனி அறை கேட்பது இன்று நடவாது. ஆனால் வாசிகசாலையிலோ பொது மண்டபத்திலோ நான்கு மேசைகளும், நல்ல இணையத் தொடர்பும், சாத்தக்கூடிய கதவும் அமைப்பது இயலாததன்று. வீட்டுக்கு அருகில் இருக்கும். கந்தோரின் அமைதியும் கிட்டும். மாலையில் அதே மேசைகள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

இவற்றோடு நிலையான வழியும் உண்டு. மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென இந்திய உதவியுடன் தொடங்கிய 4,000 வீடுகள் திட்டத்தில், ஒவ்வொரு குடும்பத்திற்கும் 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் வகுக்கப்பட்டன. 120 சதுர அடிக் காம்பராவோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தக் காணியும் வீடும் கேட்பது மழைக்கு ஒதுங்குவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். பிள்ளை படிப்பதற்கும் உத்தியோகம் பார்ப்பதற்கும் ஓர் அறை அதனுள் அடங்கியிருக்கிறது என்பதை இப்பொழுது உணர்கிறோம்.

வீடா, கந்தோரா என்ற கேள்விக்கு விடை ஆளுக்கு ஆள் வேறுபடும். தனி வளை உள்ளவன் தன் விருப்பப்படி விடை கூறலாம். அது இல்லாதவனுக்கு விருப்பம் என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. அந்த விருப்பத்தை நம் பிள்ளைகளுக்கு உண்டாக்கிக் கொடுப்பதே இன்று நம் கடமை.