கடை சைக்கிளுக்கு எந்த டயர் கட்டுபடியாகும்?

மொபெட் வாங்கிவிட்ட மளிகைக் கடைகளில்கூடப் பழைய சைக்கிள் ஒன்று சுவரோரம் நிற்கத்தான் செய்கிறது. நாலு தெரு தள்ளி இரண்டு கிலோ உளுந்தும் ஒரு எண்ணெய் பாக்கெட்டும் கொடுத்துவர அதற்குப் பெட்ரோல் போட வேண்டியதில்லை. இப்போதெல்லாம் வாடிக்கையாளர் செல்பேசியில் பட்டியலைச் சொல்லிவிட்டு, அரை மணியில் சாமான் வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறார். நம் கடை ஆள் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டால், அவர் அடுத்த முறை கூப்பிடுவது நம்மையா, பக்கத்துக் கடையையா என்று சொல்ல முடியாது. ஆகவே டயர் விஷயத்தை முழுக்கச் சைக்கிள் கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிடாமல் நாமும் கொஞ்சம் கவனிப்பது நல்லது.

பருப்புக்கும் புளிக்கும் காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் நாம், டயர் என்று வந்தால் "இருக்கிறதிலேயே விலை குறைந்ததைப் போடப்பா" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு பேச்சுக்கு, 180 ரூபாய் டயர் 6 மாதமும் 330 ரூபாய் டயர் 15 மாதமும் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு மாதம் 30 ரூபாய் ஆகிறது. இரண்டாவதற்கு 22 ரூபாய். அதோடு அந்த 15 மாதத்தில் மலிவு டயரை இரண்டு முறை கழற்றி மாற்ற வேண்டும். கூலி தனி, கடை ஆள் அங்கே காத்து நிற்கும் நேரம் தனி. விலை கூடியதெல்லாம் உசத்தி என்று நாம் சொல்ல வரவில்லை. பந்தயச் சைக்கிளுக்கான மெல்லிய டயர் விலையில் எங்கேயோ இருக்கிறது. அதன் மேல் அரிசி மூட்டையை ஏற்ற முடியாது. நமக்கு வேண்டியது பாரம் தாங்குவது, அவ்வளவுதான்.

பாரத்தைத் தாங்குவது வெளியே தெரியும் ரப்பர் அல்ல, உள்ளே ஓடும் நூல். பருத்தி நூல் என்றால், வெட்டுப்பட்ட இடத்தில் தண்ணீர் இறங்கி மட்கிப்போகும். அந்த இடம் புடைத்து ஒருநாள் வெடிக்கும். நைலான் நூலுக்கு இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் தெருத் தண்ணீரிலேயே ஓடும் சைக்கிளுக்கு நைலான் என்று கேட்டு வாங்குவதே சரி. பாரச் சைக்கிளுக்கும் ரிக்‌ஷாவுக்கும் நூல் அடுக்கு கூடுதலாக வைத்த கனமான டயர்கள் வருகின்றன. தினமும் மூட்டை ஏற்றுவோர் பின் சக்கரத்துக்கு அதையே கேட்கலாம். சைக்கிள், ரிக்‌ஷா டயர்களுக்கு ஐ.எஸ். 2414 என்றும், டியூபுக்கு ஐ.எஸ். 2415 என்றும் அரசின் தர நிர்ணயம் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்க்காமல் நாம் அரிசி எடுப்பதில்லை. டயரையும் அப்படிச் சோதிக்க வழி இருக்கிறது. பக்கவாட்டை விரலால் நன்றாக மடக்கிப் பாருங்கள். மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தால் அது பழைய சரக்கு. கடை வாசலில் மாதக்கணக்கில் வெயிலில் தொங்கிய டயர் ஓடாமலே பாதி செத்ததுதான். உள்ளே நிழலில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அளவில் ஒரு பொடி உண்டு. கணக்கு வாத்தியாருக்கு ஒன்றரையும் 1.5-ம் ஒன்றுதான், சைக்கிள் ரிம்முக்கு அப்படியில்லை. 26 × 1½ என்ற டயர் 584 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. 26 × 1.5 என்பது 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு. ஒன்றுக்கு ஒன்று மாட்டவே மாட்டாது. நமது பெரிய சைக்கிளின் 28 × 1½ டயரில் 40-635 என்று இருக்கும். 40 அகலம், 635 ரிம்மின் குறுக்களவு. பின்னால் உள்ள இந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாற இடமில்லை.

நம் ஊரில் பின் டயர் தேய்ந்ததும் அதை முன்னுக்கு மாற்றி, புதியதைப் பின்னால் போடும் பழக்கம் இருக்கிறது. கேரியர் பாரம் பின் சக்கரத்தில்தானே என்பது அதன் நியாயம். ஆனால் முன் டயர் வெடித்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகும். எண்ணெய் டின்னோடு ஆளும் லாரிக்கு முன்னால் விழுவான். பின் டயர் வெடித்தால் பெரும்பாலும் தள்ளாடி நிறுத்திவிடலாம். எனவே நம் யோசனை இது: இரண்டு சக்கரத்துக்கும் ஒரே கனமான டயரையே போட்டுக்கொள்ளுங்கள். பின்னது தேய்ந்ததும் அதைக் கழித்துவிட்டு, அதிகம் தேயாத முன் டயரைப் பின்னால் மாற்றுங்கள். புதியது முன்னால் போகட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு டயர் செலவுதான்.

எந்த டயர் வாங்கினாலும் காற்றுக் குறைந்து ஓட்டினால் தீர்ந்தது. பக்கவாட்டு நூல் மடிந்து மடிந்து அறுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடுகிறது. பஞ்சர் கடையில் இப்படி ஜோடி ஓட்டையைக் காட்டினால் ஆணியைத் தேட வேண்டாம், காற்றுத்தான் காரணம். ரப்பர் டியூபில் காற்று தானாகவும் மெல்ல இறங்கும் என்பதால் வாரம் ஒரு முறையாவது அடிக்க வேண்டும். டயரின் பக்கத்திலேயே காற்றழுத்த அளவு அச்சிட்டிருக்கும். வால்டியூப் இற்றுப்போனாலும் காற்று நிற்காது. அதன் விலையைச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. கல்லாவில் நாலு துண்டு போட்டு வைத்தால் என்ன?

மளிகைக் கடைக்கென்றே இன்னொரு சங்கடம், எண்ணெய். கேரியரில் கட்டிய டின் ஒழுகி டயரில் சொட்டினால் ரப்பர் ஊறி இளகிவிடும். உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சைக்கிள் டயருக்கு 5 சதவீத வரி விதிக்கப்பட்டது. பில் இல்லாமல் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால், டயர் ஒரே மாதத்தில் புடைக்கும்போது திருப்பிக் கேட்க வழியில்லை. காம்பவுண்டிங் முறையில் இல்லாத உறுப்பினர்கள், கடை உபயோகத்துக்கு வாங்கிய டயரின் வரியை உள்ளீட்டு வரவில் எடுத்துக்கொள்ளவும் பில் வேண்டும். அந்த பில்லின் பின்புறமே எந்தச் சக்கரம், என்றைக்கு மாட்டியது என்று குறித்து வைத்துவிட்டால், அடுத்த டயர் வாங்கும்போது மாதத்துக்கு எத்தனை ரூபாய் ஆயிற்று என்பது கையிலேயே இருக்கும்.