தண்டவாளம் நீங்கிய நிலம்

இருப்புப்பாதை செல்லும் நிலம் யாருக்குரியது? தொடர்வண்டி நின்றுபோன பின்னரே இவ்வினா கூர்மை பெறுகிறது.

அமெரிக்காவில் 1875ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிலங்களின் ஊடே 200 அடி அகல வழியை இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு வழங்கியது. வழங்கப்பட்டது நிலமா, அதன்மீது செல்லும் உரிமையா என்பதில் வழக்கு எழுந்தது. பாதையின் அடியிலுள்ள எண்ணெயை ஒரு நிறுவனம் எடுக்க முற்பட்டபோது, அதற்குரியது வழியுரிமை மட்டுமே என அரசு வாதிட்டது. 1942இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

அவ்வெற்றியே பின்னாளில் அரசுக்கு எதிராகத் திரும்பியது. வயோமிங் மாநிலத்தில் இருப்புப்பாதை ஊடறுத்துச் சென்ற ஏறத்தாழ 83 ஏக்கர் நிலத்தை 1976இல் அரசு ஒரு குடும்பத்திற்கு உரிமையாக்கியிருந்தது. 2004இல் அப்பாதை முறைப்படி கைவிடப்பட்டது. பாதை இருந்த நிலம் தனக்கே மீளும் என்றது அரசு. 2014இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்னும் பெரும்பான்மையில் அதனை மறுத்தது. வழியுரிமை முடிவுற்றால், அச்சுமை நீங்கிய நிலம் உடைமையாளருக்கே முழுமையாக உரியதாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

பழைய பாதைகளைப் பொதுமக்களுக்கான நடைபாதைகளாக மாற்றியதை எதிர்க்கும் வழக்குகளால் மக்களின் வரிப்பணம் பெருமளவில் செலவாகக்கூடும் என மாறுபட்ட நீதிபதி எச்சரித்தார். நிலத்தைக் கொடுப்பது வேறு. வழியைக் கொடுப்பது வேறு. சட்டம் எழுதுவோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் குறிக்காவிடில், அதன் விலையைப் பின்வரும் தலைமுறையே செலுத்த நேரும்.