படிக்கட்டில் ஜமக்காளம்

மாடிப்படி ஏறுவதற்கு அறிவு வேண்டியதில்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நம் கால் அங்கே ஓயாமல் கணக்குப் போடுகிறது. முதல் இரண்டு படிகளின் உயரத்தை அறிந்துகொள்கிறது. எஞ்சியவையும் அவ்வாறே இருக்கும் என்று நம்பி, கண்ணின் துணையின்றியே நடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல் இதற்கு ஒரு சூத்திரமே வகுத்தார். படியின் உயரத்தை இரட்டித்து, கால் வைக்கும் அகலத்தையும் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும் என்றார். ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ள என் வீட்டுப் படிகளை அளந்தேன். உயரம் 7, அகலம் 10, கூட்டுத்தொகை 24. பிரெஞ்சு அங்குலம் நம் அங்குலத்தினும் சற்றுப் பெரிது என்பதை அறிந்த மாணவர்கள் என்னை மன்னிப்பார்களாக.

கணக்கு சரிதான், கல்தான் வழுக்கிற்று. மெருகேற்றிய கருங்கல் படிகள். ஐப்பசி மழையில் மொட்டைமாடியிலிருந்து ஈரக்காலோடு இறங்குவோர்க்கு அவை எமன். ஆகவே, பந்திக்கு விரிப்பதுபோன்ற நீண்ட பவானி ஜமக்காளம் ஒன்றை வாங்கினேன். காவிரியும் பவானியும் கூடும் அவ்வூரின் நெசவுக்கு 2005–06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தடித்த பருத்தி நூல், நெருக்கமான நெசவு, வெறுங்காலுக்கு இதமானது. தேங்காய்நார் விரிப்பும் உறுதியானதே. ஆயினும் முதியவர்களின் பாதத்தை அது குத்தும்.

நாற்பதாண்டுகள் வடிவக்கணிதம் கற்பித்தவனுக்குப் பிறர் உதவி எதற்கு என்று எண்ணி, இருபுறமும் ஒட்டும் நாடாவைக் கொண்டு ஜமக்காளத்தை நானே ஒட்டிவிட்டேன். முதல் மழையின் ஈரத்திலேயே நாடா பிடி விட்டது. கீழிருந்து மூன்றாம் படியில் துணி நழுவ, என் மனைவி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வெறுங்கல் அவளை ஒருநாளும் வீழ்த்தியதில்லை. நான் விரித்த துணிதான் வீழ்த்தியது.

காரணத்தை ஆராய்வோம். இறங்கும்போது நம் உடற்பாரம் படியின் முன்விளிம்பின்மீது சாய்கிறது. பாதம் தன் கீழுள்ள துணியை முன்னோக்கித் தள்ளுகிறது. துணி தளர்ந்திருந்தால் விளிம்பைத் தாண்டி மடிப்பாகப் புடைக்கும். அப்பொழுது கால் கல்லின்மேல் நிற்பதில்லை, காற்றின்மேல் நிற்கிறது. எனவே, ஒரு படியின் உயரப்பகுதி அதன் கீழுள்ள படியின் தளத்தைச் சந்திக்கும் உள்மூலை ஒவ்வொன்றிலும் துணி இறுகப் பிடிக்கப்பட வேண்டும்.

மேனாட்டார் இதற்கு இருவழி கண்டனர். ஒன்று, சாய்வான ஊசிமுனைகள் கொண்ட மரப்பட்டையை மூலையில் அறைந்து, கம்பளத்தின் அடிப்பாகத்தை அதில் மாட்டுவது. நம் ஜமக்காளம் மெல்லியது; ஊசி மேலே துளைத்துவந்து, செருப்பணியாத காலைக் குத்தக்கூடும். மற்றொன்று, மூலைதோறும் துணியின்மேல் குறுக்காக ஓர் உலோகக் குழாயை வைத்து அழுத்துவது. குழாய்களைக் கழற்றித் துணியை உதறலாம், உலர்த்தலாம். நம் தட்பவெப்பத்திற்கு இதுவே ஏற்றது. திரைச்சீலைக் குழாயையும் அதன் தாங்கிகளையும் கடையில் அளவுக்கு வெட்டி வாங்கிக்கொண்டேன்.

நீளக் கணக்கு எளிது. உயரம் 7, அகலம் 10, விளிம்பில் வளைவதற்கு 1. ஆகப் படியொன்றுக்கு 18 அங்குலம். பதினொரு படிகளுக்கு 198 அங்குலம், அதாவது பதினாறரை அடி. நான் 18 அடி வைத்தேன். மிகுந்த ஒன்றரை அடியைக் கடைசிப் படியின் உயரப்பகுதியில் துணிக்குப் பின்னால் மடித்துவைத்தேன். துணி தேய்வது விளிம்பில்தான். ஆண்டுக்கொருமுறை சில அங்குலம் நகர்த்தினால் தேய்மானம் வேறிடத்திற்கு மாறும். பழைய ஆங்கிலேய வீடுகளின் சிக்கனம் இது.

துளையிடுவதில் பொறுமை வேண்டும். துளைப்பானின் தட்டும் விசையை நிறுத்தி, சிறிது நீர்விட்டு, மெருகுக்கல்லை மெதுவாகக் கடக்க வேண்டும். அவசரப்பட்டால் கல் விரிசலிடும். கல்லுக்குப் பின்னுள்ள காரையிலோ கான்கிரீட்டிலோ பிளாஸ்டிக் முளை செருகித் திருகாணியை முடுக்கலாம். துணியை மேலிருந்து கீழாகப் பொருத்தினேன்; அதன் எடையே அதை நேராகத் தொங்கவைத்தது. ஒவ்வொரு படியின் தளத்திலும் துணிக்கடியில் மெல்லிய ரப்பர் விரிப்பும் இட்டேன்.

தடித்த மெத்தைவிரிப்பு இடலாமே என்பீர்கள். கூடாது. எல்லாப் படிகளும் ஒரே அளவு தடித்தால் இடையிலுள்ள உயரங்கள் மாறுவதில்லை. ஆனால் வெறுந்தரையிலிருந்து ஏறும் முதற்படி அவ்வளவு உயர்கிறது. மேல்தளத்தை அடையும் கடைசிப்படி அவ்வளவு தாழ்கிறது. கால் இடறுவது அவ்விரண்டிடங்களில்தான். அதன் கணக்கு அங்கேதான் பொய்க்கிறது.

வேலை முடிய இரண்டு நாள் ஆயிற்று. நானே பலமுறை ஏறி இறங்கி, குதித்தும் பார்த்துவிட்டேன். துணி இம்மியும் அசையவில்லை. அடுத்த மழைக்காலமும் வந்து சென்றது. 36 அங்குலப் படியில் துணியின் அகலம் 27. இருபுறமும் நாலரை அங்குலம் கல் தெரிகிறது. என் மனைவி இன்றும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அந்த நாலரை அங்குலத்தில்தான் கால் வைத்து இறங்குகிறாள்.