எலிப் பாதத்தை அளக்கிறார்கள்!

தேக்காவில் காய்கறிப் பையோடு கிளைவ் தெருவைக் கடப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்! மருத்துவ வரலாற்றை மிதித்துக்கொண்டு போகிறீர்கள்.

2008 ஜனவரி. வெளிநாட்டிலிருந்து வராமல் சிங்கப்பூருக்குள்ளேயே பரவிய முதல் சிக்குன்குனியா இங்கேதான் கிளம்பியது. 13 பேர் படுத்தார்கள். புகையடிப்பு, ஏடிஸ் கொசுவேட்டை என்று பேட்டையே அமளிதுமளி.

அதே சமயம் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வேட்டை. எதிர்ப்பாற்றல் அறிவியலாளர் லிசா இங் குழுவினர் 10 நோயாளிகளின் இரத்தத்தை அலசினார்கள். 2009-இல் கட்டுரை வந்தது: நோய் முற்றியவர்களிடம் ஐஎல்-1பீட்டா, ஐஎல்-6 என்னும் அழற்சிப் புரதங்கள் எகிறியிருந்தன, ரான்டெஸ் என்ற புரதமோ இறங்கியிருந்தது.

சரி, அந்தக் குழுவைத் தேடி ரயிலேறுங்கள்! பூமலையில் மாறி, புவன விஸ்தாவில் இறங்கினால் பயோபொலிஸ் ஆய்வு வளாகம். இம்யூனோஸ், நானோஸ், புரோட்டியோஸ் என்று கட்டடங்களுக்குப் பெயர். கிரேக்கக் கடவுளர்களின் குடியிருப்போ என்று தோன்றும். உள்ளே எட்டிப் பார்த்தால்... எலிக்கால் அளக்கிறார்கள்!

நிஜமாகத்தான். கறுப்புச் சுண்டெலியின் பின்னங்காலில் சிக்குன்குனியா வைரஸை ஊசியால் ஏற்றுவார்கள். பிறகு தினமும் காலிப்பரும் கையுமாகப் பாதத்தின் உயரம், அகலம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். ஆறாம் நாள் வாக்கில் பாதம் பம்மென்று வீங்கி உச்சத்தைத் தொடும்.

எல்லாம் வைரஸின் கைவரிசை என்றுதானே நினைப்பீர்கள்? 2013-இல் லிசா இங் குழு போட்டது ஒரு குண்டு. நோயை எதிர்க்கும் சிடி4 டி செல்கள் இல்லாத எலிகளிலும் வைரஸ் இருந்தது; வீக்கம் மட்டும் வெகுவாக அடங்கிப்போயிருந்தது! திருடனைப் பிடிக்க வந்த போலீஸே வீட்டு ஓட்டை உடைத்த கதை.

அடுத்து 2017-இல் இன்னொரு குறும்பு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபிங்கோலிமோட் மாத்திரையை இங்கே இழுத்து வந்தார்கள். அந்த மருந்து டி செல்களை நிணநீர்க் கணுக்களைத் தாண்டி வெளியேற விடாது. எலி உடம்பில் வைரஸ் அளவு அப்படியே இருக்க, மூட்டு வீக்கம் வடிந்தது!

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்க வேண்டும் என்பதில்லை; சோதனைகள் வேண்டும். ஆனாலும், 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா மூட்டுவலியோடு மாடிப்படியைப் பார்த்தாலே கண் கலங்கியவர்கள் கேட்டார்களே, "காய்ச்சல்தான் போயிடுச்சே, வலி ஏன் போகல?" என்று, அந்தக் கேள்விக்கு ஒரு துப்புக் கிடைத்துவிட்டது: அடுத்து விசாரிக்க வேண்டியது கொசுவை அல்ல, நம் டி செல்களை!