மானை விரட்ட ஏர்கன் வாங்கலாமா?

செங்கல்பட்டு வட்டாரக் காப்புக்காடுகளை ஒட்டி நிலம் வைத்திருக்கிறீர்களா? கடலை நாலு இலை விடும் நேரத்தில் ராத்தூக்கம் போய்விடும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டோரம் புள்ளிமான் கொழுந்தைக் கடிக்கும். ஏரிக்கரைப் பக்கம் காட்டுப்பன்றி வேரோடு கிளறிப் போடும். கடனை வாங்கிப் பயிர் வைத்தவருக்கு அந்த நேரத்தில் தோன்றுவது, ‘நல்ல சக்தியுள்ள ஏர்கன் ஒன்று வாங்கிவிட்டால் என்ன? துடிக்கவிடாமல் ஒரே குண்டில் முடித்துவிடலாமே’ என்பதுதான்.

வாங்காதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். அதற்கு முன்னால் துப்பாக்கியின் கணக்கையே பாருங்கள்.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கோ, குண்டின் விசை 20 ஜூலுக்கோ மேல் போனால் ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். ஆகவே கடையில் உரிமம் இல்லாமல் கிடைப்பது இந்த அளவுக்கு உட்பட்டதுதான். அதன் ஈயக் குண்டு அரை கிராம் எடைதான் இருக்கும். இங்கிலாந்தில் மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால், பெரிய இன மான்களைச் சுடும் ரைபிளுக்குக் குறைந்தது 1,700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2,300 ஜூல் விசை இருக்க வேண்டும் என்று 1991-ம் ஆண்டு மான் சட்டம் சொல்கிறது. மான் மீது ஏர்கன் பயன்படுத்துவதை அதே சட்டம் அடியோடு தடுக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பெரிய விட்டமுள்ள ஏர் ரைபிளை மானுக்கு அனுமதிக்கிறது. அங்கேயும் 215 அடி-பவுண்டு, சுமார் 290 ஜூல் என்று கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கடை ஏர்கன்னைப் போல 14 மடங்குக்கும் மேல்!

வளர்ந்த ஆண் புள்ளிமான் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். 20 ஜூல் குண்டு அதை வீழ்த்தாது, காயப்படுத்தும். கண்ணில் பட்டால் குருடாகும். வயிற்றில் பட்டால் காட்டுக்குள் ஓடிச் சீழ் பிடித்து நாள்கணக்கில் சாகும். வலியில்லாத சாவு என்பது இந்தத் துப்பாக்கியில் இல்லவே இல்லை.

இனி சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி மானைச் சுடுவது வேட்டைக் குற்றம். கொன்றால்தான் குற்றம் என்றில்லை. காயப்படுத்துவது, கண்ணி வைப்பது, அதற்கு முயல்வதுகூட வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு சிறை. ‘என் நிலத்துக்குள் வந்தது’ என்பது வழக்கில் நிற்காது.

காட்டுப்பன்றி விஷயத்தில் மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் மட்டும், நீங்கள் அல்ல. மானுக்கு இது பொருந்தாது.

துப்பாக்கி வேண்டாம் என்று நம் மாவட்டத்து விவசாயிகளே ஒரு காலத்தில் சொன்னதுண்டு. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் ஆட்சியரிடம் முறையிட்டு, 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்கள் கணக்கு. மான் அப்படி உரம் போட்டுவிட்டுப் போவதில்லை, உண்மைதான். அதனால் தடுக்கிற வழியைத்தான் சரியாகச் செய்ய வேண்டும்.

முதலில், வந்தது எது என்று பாருங்கள். பலர் இதைச் செய்யாமலேயே வேலிக்குச் செலவழிக்கிறார்கள். மானுக்கு மேல்வரிசை முன்பற்கள் கிடையாது. அதனால் இலையை இழுத்துப் பிய்க்கும், கடித்த இடம் நார்நாராக இருக்கும். முயல் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டும். பன்றி மண்ணையே புரட்டும்; ஈர மண்ணில் அதன் குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு விரல் தடமும் விழும். சந்தேகம் இருந்தால் ஊரில் உள்ள இருளர் பெரியவர் ஒருவரை அழைத்துத் தடத்தைக் காட்டுங்கள். அவர்களைவிடத் தடம் தெரிந்தவர்கள் யார்?

மானுக்கு வேலி ஏழு அடியாவது வேண்டும். நாலடி வேலியை அது தாண்டிவிடும். ஆனால் தாண்டுவதைவிட அடியில் இடுக்குக் கிடைத்தால் நுழையவே பார்க்கும். எனவே கீழ்வரிசையைத் தரையோடு இழுத்துக் கட்டுங்கள். மாமல்லபுரம், கோவளம் பக்கம் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கும். தொய்வாகக் கட்டினால் ஆண் மானின் கொம்பு சிக்கி, அது உங்கள் வயலிலேயே சாகும், பாம்பும் மாட்டும். விறைப்பாகக் கட்டி, இரவில் கண்ணுக்குத் தெரிய வெள்ளைத் துணி நாடாக்களைத் தொங்கவிடுங்கள். அழுகிய முட்டையைக் கரைத்து வரப்போரம் தெளித்தால் அந்த நாற்றத்துக்கு மான் ஒதுங்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். பன்றிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பன்றி விரட்டி பற்றி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

சோலார் மின்வேலி போடுகிறவர்கள் 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். மானியம் இந்த ஆண்டு உண்டா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். மின்கம்பத்திலிருந்து நேரடியாக இழுத்து வேலியில் விடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அதில் மனிதரும் சாகிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் மடை திருப்ப வந்த பக்கத்து நிலத்துக்காரராக அது இருக்கலாம். அவுட்டுக்காயும் சுருக்குக் கம்பியும் இதே வகைதான்.

சேதம் நடந்துவிட்டால் அன்றைக்கே கைபேசியில் படம் எடுங்கள். தடமும் பயிரும் ஒரே படத்தில் தெரியட்டும். கடித்த செடிகளைப் பிடுங்கிவிட்டு மறு விதைப்பு போடும் அவசரம் புரிகிறது. ஆனால் வனவர் வந்து பார்க்கும்வரை ஒரு பாத்தியையாவது விட்டு வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கி, வனச்சரகர் அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவுடன் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.